அந்தப் பாட்டுல வர்ற குரல் என்னுது

சார், தப்பா நினைச்சுக்காதீங்க. அந்தக் காலை ஆட்டுறதைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா? சீட்டு முழுக்க அதிருது. நீங்க வேணும்னு ஆட்டலை, எனக்குத் தெரியும். பாட்டு அப்படி. தமிழ்நாடே ஆடிட்டு இருக்கு, உங்க காலு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு. பூந்தமல்லில ஏறினதுல இருந்து இந்த டிரைவர் இதையே திருப்பித் திருப்பிப் போடுறான். வேலூர் போறதுக்குள்ள நமக்குப் பைத்தியம் பிடிச்சிடும்.

என்ன? நல்லாத்தானே இருக்குன்றீங்களா?

நல்லா இருக்கும். ஏன் இருக்காது? இருங்க, இப்ப வரும் பாருங்க. அந்த நாதஸ்வரம் முடியட்டும். அந்தப் பொண்ணு இந்தில ஏதோ சொல்லி முடிக்கட்டும். ஆங், இப்ப.

"நாசமாப் போங்கடா!"

கேட்டீங்களா? பின்சீட்டுப் பசங்க எப்படிக் கத்துறானுங்க பார்த்தீங்களா? முன்னாடி அந்தம்மா மடில இருக்கிற பாப்பா கூடக் கத்துது. இன்னும் பால்பல்லு விழலை, அது சொல்லுது நாசமாப் போங்கடான்னு. அந்தம்மா அதுக்கு முத்தம் கொடுக்குறாங்க.

அது நான்தான் சார். அந்தக் குரல் என்னுது.

சிரிங்க, பரவால்ல. எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் எதையும் மனசுல வச்சுக்கிற ஆளு கிடையாது. பெரம்பூர் மார்க்கெட்டுல மீன்காரம்மாகிட்ட இதைச் சொன்னப்ப அதுவும் இப்படித்தான் கெக்கெக்கேன்னு சிரிச்சுது. அதுக்கப்புறம் அதுகிட்ட நான் மீன் வாங்குறதில்ல, அவ்வளவுதான். மத்தபடி மனசுல எல்லாம் ஒண்ணும் வச்சுக்கலை.

என் பேரு எட்வின். 'நீராவி'ன்னு ஒரு ராக் பேண்டு, கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா. சரி, டைல்ஸ் கடைன்னு சொன்னீங்கல்ல, அங்க உக்காந்துக்கிட்டு எங்க கேக்கப் போறீங்க. நாங்க மூணு பேரு. மூணு பேர் அப்பாவும் ரயில்வே, அதான் நீராவின்னு பேரு வச்சோம். கிருபாகரன் டிரம்ஸ். லாரன்ஸ் பேஸ் கிட்டார். நான் பாட்டு, அப்புறம் முன்னாடி நிக்கிறது. முன்னாடி நிக்கிறதுன்னா லேசுப்பட்ட வேலைன்னு நினைச்சிடாதீங்க. பின்னாடி உக்காந்து அடிக்கிறவன் தலை கூடச் சீவாம வரலாம். நான் அப்படி வர முடியுமா?

இப்ப நீங்க கேக்குற இந்தக் கண்றாவி இருக்கே, இது முதல்ல எங்க பாட்டு. என் பாட்டுன்னே வச்சுக்குங்களேன். ஒரு வெயில் காலம், கிருபா வீட்டு மொட்டை மாடில பிராக்டீஸ் பண்ணிட்டு இருந்தோம். கரண்ட் போயிடுச்சு. கிட்டார்ல சத்தம் வரலை, மைக் செத்துப் போச்சு. நானும் லாரன்ஸும் ஈபிகாரனைத் திட்டிட்டு உக்காந்திருக்கோம், கிருபா சும்மா இருக்க மாட்டானே, தண்ணி டேங்கை அடிக்க ஆரம்பிச்சான். அடிச்சுக்கிட்டே "இல்லை இல்லை கரண்ட் இல்லை, இருட்டுல யாரும் ஏழை இல்லை"ன்னு எடுத்து விட்டான். லாரன்ஸ் அதுக்கு மெட்டை இழுத்துப் பிடிச்சான். அப்படி உருவானதுதான் சார் என் பாட்டு.

என்ன அப்படிப் பார்க்குறீங்க? எழுதுனது அவன், மெட்டு இவன், சரி. பாடுனது யாரு? வீட்டைக் கொத்தனாருதான் கட்டுறாரு. குடியிருக்கிறவன் வீடுன்னுதானே சொல்றோம்?

காலேஜு விழாவுல அந்தப் பாட்டைப் பாடுறப்ப நீங்க பார்க்கணும் சார். லைட்டை மொத்தமா அணைச்சிடுவாங்க. நான் "இல்லை"ன்னா அத்தனை பசங்களும் "இல்லை"ன்னுவாங்க. பின்னாடி கிருபா டிரம்ஸை விட்டுட்டு ஒரு பழைய பிளாஸ்டிக் டிரம்மை அடிப்பான், நெஞ்சுக்குள்ள வந்து இடிக்கும். கேக்குற பொண்ணுங்க சில பேரு அழுதிருக்காங்க. எதுக்கு அழுதாங்கன்னு எனக்குத் தெரியலை, ஆனா அழுதாங்க.

அதைப் பசங்க போன்ல எடுத்துப் போட்ட வீடியோவைப் பார்த்துட்டுத்தான் யாத்விக் கூப்பிட்டாரு. மியூசிக் டைரக்டர். தலைமுடில பாதி நீலம். "ப்ரோ, இது பாட்டு இல்ல ப்ரோ, இது ஒரு எனர்ஜி ப்ரோ"ன்னாரு. படம் 'வோல்டேஜ் வேலன்'. பார்த்திருப்பீங்களே? ஹீரோ லைன்மேன். கம்பத்துல ஏறி ஷாக் அடிச்சுக் கீழ விழறாரு. நம்ம விழுந்தா ஆஸ்பத்திரி, அவர் விழுந்தா சக்தி வருது. பளபளன்னு ஒட்டுன மாதிரி ஒரு டிரெஸ்ஸு, அதுக்கு மேல ஒரு வேட்டி, கையை நீட்டினா மின்னல். ஊருக்கே கரண்ட் கொடுக்கிறாரு. பில்லை யாரு கட்டுறாங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லலை.

அவர் முதல் தடவை பறக்கிறப்ப வர்ற பாட்டுக்குத்தான் எங்க 'கரண்ட் இல்லை'. கேட்டதும் எனக்குப் புல்லரிச்சிடுச்சு. கிருபாவுக்கும்தான். சும்மா சொல்லக்கூடாது, அவன் அன்னைக்கு எங்க எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தான்.

அப்புறம் புரொட்யூசர் வந்தாரு. போடில ஏலக்கா வியாபாரம். எல்லாரும் ஐயான்னுதான் கூப்பிடணும். பாட்டை ஒரு தடவை கேட்டாரு, கண்ணை மூடிக்கிட்டு. முடிஞ்சதும் சொன்னாரு, "தம்பி, பாட்டு தீ. ஆனா முதல் வார்த்தையே இல்லைன்னு எடுக்குறீங்களே, படம் விளங்குமா? எங்க கடைல சரக்கு தீந்து போனாக்கூட இல்லைன்னு சொல்ல மாட்டோம், நிறைஞ்சிருக்கு, நாளைக்கு வாங்கன்னுதான் சொல்லுவோம். மங்கலச் சொல்லா எடுங்க."

நியாயம்தானே? சினிமாவுல அது ஒரு முறை. பாட்டு எழுதறவங்க யாரா இருந்தாலும் முதல் வார்த்தையை நல்ல வார்த்தையாத்தான் வைப்பாங்க. சரின்னு மாத்திட்டோம். "உண்டு உண்டு கரண்ட் உண்டு."

கிருபா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டான். "கரண்ட் உண்டுன்னா அப்புறம் எதுக்குடா நாம கத்தறோம்?"னான். கேள்வி சரிதான். ஆனா அதைக் கேக்குற நேரமா அது? ஐயா எதிர்ல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்காரு. நான்தான் அவன் தொடையைக் கிள்ளி உக்கார வச்சேன். எல்லாரும் அவனை மாதிரி இருந்தா சினிமால ஒரு பாட்டாவது வருமா சார்?

அடுத்தது கூட்டு முயற்சி. அது யாத்விக் சொன்ன வார்த்தை. எங்க வீட்டுல கூட்டுன்னா பூசணிக்காயும் பருப்பும், முடிஞ்சுது. இவரு கைக்குக் கிடைச்சதையெல்லாம் போட்டாரு. தெலுங்குல ஓடணும்னு அங்க இருந்து ஒரு ராப் பாடுறவரு. வடக்க ஓடணும்னு மும்பைல இருந்து அந்தப் பொண்ணு. அந்தப் பொண்ணுக்கு இது என்ன படம்னே தெரியாது, பக்திப் படம்னு நினைச்சுக்கிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் பாடுச்சு. மண்வாசனை வேணும்னு நாதஸ்வரம். நடுவுல ஒரு வித்வான் சரிகமபதநி போட்டுட்டுப் போனாரு, எதுக்குன்னு அவருக்கும் தெரியாது. போற வழில பார்க்கிங்ல என்கிட்ட வந்து, "தம்பி, அது சோகப் பாட்டா, சந்தோஷப் பாட்டா?"ன்னு கேட்டாரு பாவம்.

லாரன்ஸு கேட்டான், இதுல நாம எங்கடா இருக்கோம்னு. நான் சொன்னேன், இருக்கோம்டா, அடில இருக்கோம், அஸ்திவாரம் கண்ணுக்குத் தெரியாதுடா. நல்லாச் சொன்னேன்ல?

அப்புறம் பேரு பிரச்சனை. ஐயாவுக்கு யாரோ சொல்லியிருக்காங்க, 'நீராவி'ல ஆவி இருக்குன்னு. "நம்மது பேய்ப் படம் இல்லையே தம்பி, எதுக்கு ஆவி?"ன்னு என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாரு. என்ன பதில் சொல்றது? அவர் சொல்றதுலயும் ஒரு இது இருக்கு. நான் யோசிச்சுட்டுச் சொன்னேன், "ஐயா, பேண்டு பேரு வேணாம். என் பேரை மட்டும் போடுங்க. ஜனங்களுக்கு முகம்தானே தெரியும்." நான் எனக்காகச் சொல்லலை சார். மூணு பேரும் காணாம போறதுக்கு ஒருத்தன் பேராவது இருக்கட்டும்னுதான். இதை அவனுங்ககிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லணும்னு இருந்தேன், அதுக்குள்ள யாரோ போட்டுக் கொடுத்துட்டாங்க.

அப்படியும் ரெக்கார்டிங் அன்னைக்குக் கிருபா டிரம்ஸ் மொத்தத்தையும் குட்டியானை வண்டில ஏத்திக்கிட்டு வந்தான். கூடவே அந்தப் பழைய பிளாஸ்டிக் டிரம். அதைக் கழுவித் துடைச்சு எடுத்துட்டு வந்திருந்தான், கல்யாண மாப்பிள்ளை மாதிரி. ஐயா வந்து ஊதுபத்தி கொளுத்தி, டிரம்ஸ் அடில எலுமிச்சம்பழம் வச்சுட்டு, நல்ல நேரம் முடியறதுக்குள்ள ஆரம்பிச்சிடுங்கன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாரு. கிருபா எல்லாத்தையும் முடுக்கி, உக்காந்து, குச்சியைக் கைல எடுத்தான். அப்பத்தான் சவுண்டு எஞ்சினியர் சொன்னாரு, "சார், நீங்க சும்மா அடிக்கிற மாதிரி ஆக்‌ஷன் பண்ணுங்க போதும், புரமோ வீடியோவுக்கு. டிரம்ஸ் கம்ப்யூட்டர்லயே முடிச்சாச்சு."

கிருபா குச்சியைக் கீழ வச்சான். என் மூஞ்சியைப் பார்த்தான். எனக்கு முன்னாடியே தெரியுமான்னு பார்க்குறான். தெரியும், யாத்விக் முதல் நாளே சொல்லிட்டாரு. அதை எப்படிச் சார் நான் சொல்ல முடியும்? சொன்னா அவன் வரமாட்டான். வரலைன்னா வீடியோவுல பின்னாடி யாரு உக்கார்றது? அவன் ஒவ்வொண்ணாக் கழட்ட ஆரம்பிச்சான். லாரன்ஸு கிட்டாரை உறைல போட்டான். எனக்கு அப்படியே தலைக்கு ஏறிடுச்சு. மைக் ஆன்ல இருக்கு, நான் அது முன்னாடி நிக்கிறேன். விட்டேன் பாருங்க ஒரு கத்து. அதான் இது. நாசமாப் போங்கடா!

சினிமாவைப் பார்த்துக் கத்தினேன் சார். மொத்த சினிமாவையும் பார்த்து. அந்தக் கோபம் இருக்கே, அதான் உண்மையான ராக். அதனாலதான் அது ஜெயிச்சுது.

யாத்விக்கையா? இல்ல இல்ல, அவரை இல்ல. அவர் அன்னைக்குத் துபாய்ல இருந்தாரு, வீடியோ கால்ல நெத்தி மட்டும் தெரிஞ்சுது, அதுவும் கட்டாயிடுச்சு.

ஐயாவை எப்படிச் சார் திட்டுறது, பெரியவரு. அதான் அப்பவே கிளம்பிட்டாருன்னு சொன்னேனே. எஞ்சினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தாரு, நல்ல மனுஷன், எனக்குத் தண்ணி எல்லாம் கொடுத்தாரு.

என்ன சார் போலீஸ் மாதிரி கேக்குறீங்க? ரூம்ல வேற யாருன்னா... கிருபாவும் லாரன்ஸும் இருந்தாங்க. கதவுகிட்ட. கிருபா அந்தப் பிளாஸ்டிக் டிரம்மை இடுப்புல வச்சுக்கிட்டு, "எட்வின், வாடா போலாம். நம்ம பாட்டை எடுத்துக்கிட்டுப் போயிடலாம்"னான். பாட்டை எடுத்துக்கிட்டுப் போறதாம்! பாட்டு என்ன டிபன் பாக்ஸா? அப்பத்தான் கத்தினேன். கோபம் வர்றப்ப எதிர்ல யாரு நிக்கிறாங்கன்னா பார்ப்பாங்க? எதிர்ல அவனுங்க நின்னானுங்க. அவ்வளவுதான். நீங்க அதைப் பெருசு பண்ணாதீங்க.

அவனுங்க போனப்புறம் நான் முழுப் பாட்டையும் பாடிக் கொடுத்தேன். தொண்டை கிழியப் பாடினேன். எஞ்சினியர் கை தட்டினாரு.

அது டிராக்காம்.

டிராக்குன்னா தெரியுமா? பெரிய ஆளு வந்து பாடுறதுக்கு முன்னாடி, இப்படித்தான் பாடணும்னு காட்டுறதுக்கு ஒருத்தனைப் பாட வைப்பாங்க. பந்தில பெரிய மனுஷன் வர்ற வரைக்கும் ஒருத்தனை இலை முன்னாடி உக்கார வச்சு எடம் பிடிப்பாங்கல்ல, அந்த மாதிரி. ஹீரோவே பாடுறேன்னுட்டாரு. நான் மூச்சு விடுற எடத்துலகூட அவரும் மூச்சு விட்டிருக்காரு, அவ்வளவு சிரத்தையா கேட்டிருக்காரு. என் குரல் மொத்தமும் போச்சு. அந்த ஒரு கத்து மட்டும் நின்னுச்சு. அதை ஹீரோ முயற்சி பண்ணியிருக்காரு, வரலையாம். "அந்தப் பையன் நிஜமாவே யாரோ நாசமாப் போகணும்னு சொல்ற மாதிரி இருக்கு, அதையே வைங்க"ன்னுட்டாராம்.

மங்கலச் சொல்லு பார்க்குற ஐயா இதை எப்படி விட்டாருன்னு கேக்குறீங்களா? முதல் வார்த்தைதான் உண்டுன்னு ஆயிடுச்சே! நடுவுல இது வந்தா திருஷ்டி கழிச்ச மாதிரின்னு அவரே சொல்லிட்டாரு. படத்துக்குப் பூசணிக்கா உடைக்கிற மாதிரி என்னை உடைச்சிருக்காரு, சந்தோஷம்.

பாட்டு வந்த அன்னைக்கு யூடியூபுல பேரு பார்த்தேன். யாத்விக் பேரு, ஹீரோ பேரு, ராப்பு, மும்பைப் பொண்ணு, வித்வான், நாதஸ்வரம். அப்புறம் "மற்றும் குழுவினர்". அவ்வளவுதான். குழு வேணாம், என் பேரை மட்டும் போடுங்கன்னு சொன்னவன் நான். என்னையே குழுவினர் ஆக்கிட்டாங்க. அதுவும் ஒரு ஆளே குழுவினர்!

போன் பண்ணா யாத்விக் ஆளுங்க, "ப்ரோ, உங்க குரல் ஊரு பூரா கேக்குது, பேரு எதுக்கு ப்ரோ?"ன்றாங்க. கேக்குதுதான். வளைகாப்புல போடுறாங்க. புதுமனை புகுவிழால போடுறாங்க. எங்க தெருவுல ஒரு மொபைல் கடைத் திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டாங்க. ரிப்பன் வெட்டினதும் நான் ஒரு தடவை கத்தணும், அவ்வளவுதான் வேலை. கத்தினேன். ஒரு பொன்னாடை போட்டாங்க. "அண்ணே, முழுப் பாட்டும் பாடட்டுமா?"ன்னு கேட்டேன் கடைக்காரர்கிட்ட. "வேணாம் தம்பி, அதுக்கு ஸ்பீக்கர் இருக்கு"ன்னாரு.

இப்ப எங்க போறேன்னு கேக்கலையே நீங்க. ஆம்பூருக்கு. கிருபாவைப் பார்க்க. அந்த ரெக்கார்டிங் முடிஞ்சப்புறம் அவன் டிரம்ஸை வித்துட்டுப் பொண்டாட்டி ஊரோட போயிட்டான். ஷூ கம்பெனில சூப்பர்வைசர். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல அடிக்கிறானாம், அதுவும் மெதுவா. லாரன்ஸ் சொன்னான்.

கோயம்புத்தூர்ல ஒரு காலேஜுல கூப்பிட்டிருக்காங்க சார். அந்தப் பசங்களுக்கு இந்த உண்டு பாட்டு வேணாமாம். பழைய 'கரண்ட் இல்லை' வேணுமாம், லைட்டை அணைச்சுட்டு, நீராவியே வரணுமாம். எப்படித் தேடிப் பிடிச்சானுங்களோ. லாரன்ஸைக் கேட்டேன். கிருபா வந்தா நான் வரேன்னுட்டான். கிருபா வரலைன்னா ஒண்ணும் கிடையாது. நான் கடைத் திறப்பு விழாக்களாப் பார்த்துக் கத்திட்டுத் திரிய வேண்டியதுதான்.

உண்மையைச் சொல்லணும்னா எனக்கு அவன் வேணும் சார். வேற டிரம்மர் வச்சுப் பாடிப் பார்த்தேன். பின்னாடி அவன் அடிக்கலைன்னா என் குரல் எங்க போய் உக்காருறதுன்னே தெரியாம அலையுது. ராத்திரில தூக்கம் வர மாட்டேங்குது. அவன்கிட்ட போய் நிக்கணும், அவ்வளவுதான். நின்னா வந்துடுவான். சின்ன வயசுல இருந்து பழக்கம், அவன் என்னை எதுக்கும் வேணாம்னு சொன்னதே கிடையாது.

மன்னிப்பா? எதுக்கு சார் மன்னிப்பு? அவன் போட்ட பாட்டு இன்னைக்குக் குழந்தை வாயில எல்லாம் இருக்கு. அவன்தான் எனக்கு ஒரு வாழ்த்துச் சொல்லியிருக்கணும். நான் எதையும் மனசுல வச்சுக்கலை.

போன் பண்ணிட்டுப் போலாமேன்றீங்களா? பண்ணாமலா இருப்பேன். எடுக்க மாட்டேங்குறான், கம்பெனில வேலை அப்படி. ஆனா ஒரு விஷயம் சொல்றேன், உங்களுக்கே அவன் மனசு புரியும். இருங்க, ஸ்பீக்கர்ல போடுறேன். காலர் டியூனைக் கேளுங்க.

"நாசமாப் போங்கடா! நாசமாப் போங்கடா! நாசமாப் போங்கடா!"

கேட்டீங்களா? நாதஸ்வரம் கிடையாது, ஹீரோ கிடையாது, என் கத்தை மட்டும் தனியா வெட்டி வச்சிருக்கான். இதுல பாருங்க, லாரன்ஸு கூப்பிட்டா இது வராதாம். ஏதோ ஞானப்பாட்டு வருதாம், இயேசு அழைக்கிறார்னு. கிருபாவோட மச்சான் கூப்பிட்டாலும் ஞானப்பாட்டுதானாம். நான் கூப்பிட்டா மட்டும்தான் இது. என் நம்பருக்குன்னே தேடிப் போய் வச்சிருக்கான் சார்! பாசம் இல்லாம யாராவது இவ்வளவு மெனக்கெடுவாங்களா?

ஏன் சார் அப்படிப் பார்க்குறீங்க?

எடுக்கலை. பரவால்ல. ஆம்பூர் வர்றதுக்குள்ள எடுத்துடுவான். அதோ பாருங்க, வேலூர் வந்துடுச்சு. உங்க பையை மேல இருந்து எடுத்துக்குங்க. பார்த்து இறங்குங்க. நான் இன்னொரு தடவை போட்டுப் பார்க்கிறேன். ரிங் போகுது.

ஆங்... கேக்குதா சார்? மறுபடியும் நான்தான்.